தொங்கு எடை இழுக்கும் வண்டி: உராய்வை அளந்த பிறகு கிடைத்த நேர்கோடு

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் பாடமான இயக்க விதிகளை மாணவர்கள் கண்ணால் பார்க்கவும் அளவுகோலால் அளக்கவும் வேண்டும் என்பதற்காக நான் கட்டிய வண்டி அமைப்பு இப்போது நம்பகமாக வேலை செய்கிறது. தொங்கவிட்ட எடையை 10 கிராமிலிருந்து 50 கிராம் வரை கூட்டிச் சென்றால் வண்டியின் முடுக்கமும் அதே விகிதத்தில் கூடுகிறது. வரைபடத்தாளில் ஐந்து புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் அமைகின்றன. அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகவும் செல்கிறது. நேர்கோடு தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. அதை ஆதிப்புள்ளிக்குக் கொண்டுவருவதற்குத்தான் பெரும்பாலான உழைப்பு செலவானது. எனவே இந்தப் பதிவிலும் அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

அமைப்பு எளியது. மேசைமேல் ஓர் அலுமினியத் தடம் கிடக்கிறது. அதில் மூன்று சக்கர வண்டி ஒன்று ஓடுகிறது. வண்டியின் முன்முனையில் கட்டிய தூண்டில் நரம்பு, மேசை விளிம்பில் உள்ள கப்பியைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அதன் நுனியில் எடை தொங்குகிறது. இதன் மூத்த வடிவம் 1784 இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜார்ஜ் அட்வுட் விவரித்த கருவி. கப்பியின் இருபுறமும் ஏறக்குறைய சமமான எடைகளைத் தொங்கவிட்டு, வித்தியாசத்தை மட்டும் இழுவிசையாக்கி, வீழ்ச்சியை அளக்கக்கூடிய அளவுக்கு மெதுவாக்கினார் அவர். கப்பியின் அச்சைத் துளையில் செருகாமல் நான்கு சிறு சக்கரங்களின் விளிம்புகளில் தாங்க வைத்தார் என்பதிலிருந்து, அவருக்கும் உராய்வே பெரிய கவலையாக இருந்தது புரிகிறது.

தடத்துக்கு 75 மி.மீ. உள்ளகலம் கொண்ட அலுமினிய யூ சேனலை 6 அடி நீளத்துக்கு வெட்டி வாங்கினேன். வண்டிக்கு 18 செ.மீ. நீளமும் 5.5 செ.மீ. அகலமும் உள்ள மரக்கட்டை. சக்கரங்களாக 608 எண் கொண்ட பேரிங்குகள் நேரடியாகவே தடத்தில் ஓடுகின்றன. உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ., ஒன்றின் எடை 12 கிராம். பின்புறம் ஒரே அச்சில் இரண்டு, முன்புறம் நடுவில் ஒன்று. நான்கு சக்கரம் வைத்தால் தடத்தின் சிறு முறுக்கலுக்கும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று தட்டும். மூன்று சக்கரம் எந்த நிலையிலும் மூன்று இடத்திலும் படிந்து நிற்கும். அச்சுக்கு 8 மி.மீ. மரையிட்ட கம்பி போதும். பேரிங்குக்கும் கட்டைக்கும் நடுவே வழக்கமான வாஷரைப் போட்டால் அதன் 16 மி.மீ. விட்டம் பேரிங்கின் ரப்பர் மூடியில் உரசுகிறது. ஆகவே வாஷரை விட்டுவிட்டு, உள்வளையத்தை மட்டும் தொடும்படி மெல்லிய நட்டைப் போட்டு இறுக்கினேன். சிறிய விஷயம்தான், ஆனால் இதைக் கவனிக்காத வண்டி பத்து கிராம் இழுப்புக்கு நகரவே நகராது.

முன்சக்கரத்தின் அச்சும் பின்னச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் வண்டி மெல்ல ஒருபக்கம் சாய்ந்து போய்ச் சேனலின் சுவரில் தேய்கிறது. கைத்துளைப்பானால் போட்ட முதல் கட்டை அப்படித்தான் ஓடியது. இரண்டாவது கட்டையை ஒரு பட்டறையில் கொடுத்து, ஒரே பிடியில் பொருத்தியபடி இரண்டு துளைகளையும் போட்டு வாங்கியதும் அந்தத் தொல்லை நீங்கியது.

கப்பியும் ஒரு 608 பேரிங்தான். நரம்பு நழுவாமலிருக்க, பிளாஸ்டிக் டப்பா மூடியிலிருந்து 28 மி.மீ. வட்டத் தகடுகள் இரண்டு வெட்டி, பேரிங்கின் வெளிவளையத்தின் இருபக்கமும் ஒட்டினேன். உள்வளையத்தைத் தொடாதபடி தகட்டின் நடுத்துளை பெரிதாக இருக்க வேண்டும். நூலுக்குப் பதில் 0.25 மி.மீ. தூண்டில் நரம்பு. பருத்தி நூல் முறுக்கவிழ்ந்து எடையைச் சுழற்றுகிறது. நரம்பில் அந்தக் குறை இல்லை. வண்டியிலிருந்து கப்பிவரை நரம்பு தடத்துக்கு இணையாக ஓடும்படி கப்பியின் உயரத்தைச் சரிசெய்வது கட்டாயம். நரம்பு சற்றே சரிந்திருந்தால், வண்டி கப்பியை நெருங்க நெருங்க இழுவிசையின் ஒரு பங்கு வண்டியை அழுத்தவோ தூக்கவோ செலவாகிவிடும்.

எடைகளுக்கு 16 மி.மீ. போல்ட்டுக்கு உரிய வாஷர்களை எடுத்தேன். ஒவ்வொன்றும் 11 கிராமை ஒட்டி இருந்தது. அரத்தால் தேய்த்து ஒவ்வொன்றையும் 10.0 கிராமுக்குக் கொண்டுவந்தேன். முதல் வாஷரை மட்டும் கொக்கிக் கம்பியுடன் சேர்த்து 10.0 கிராம் வரும்படி அதிகமாகத் தேய்த்தேன். வண்டியின் நிறையைக் கூட்டுவதற்கு 32 மி.மீ. அகலமும் 8 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பட்டை வசதியானது, அதில் 12.5 செ.மீ. நீளம் வெட்டினால் ஏறக்குறைய சரியாக 250 கிராம் வருகிறது. கோவை உக்கடத்தின் பழைய இரும்புக் கடைகளில் இத்தகைய துண்டுகள் எளிதில் கிடைக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொங்கும் எடை வண்டியை மட்டும் இழுக்கவில்லை, தன்னையும் சேர்த்தே முடுக்கிக்கொள்கிறது. ஆகவே, 20 கிராம் எடையின் முழு ஈர்ப்பு விசையான 0.196 நியூட்டனையும் கணக்கில் எடுத்தால், நகரும் நிறையாக வண்டி, எடை ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையைக் கொள்ள வேண்டும். விசையை மாற்றும்போது மொத்த நிறை மாறக்கூடாது என்பதால், வாஷர்கள் ஐந்தையும் முதலில் வண்டியிலும் கொக்கியிலுமாகப் பகிர்ந்து வைத்து, விசையைக் கூட்ட வேண்டியபோதெல்லாம் வண்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். மொத்தம் எப்போதும் 500 கிராம். புது வாஷரை வெளியிலிருந்து எடுத்து மாட்டினால் விசையும் நிறையும் சேர்ந்தே மாறிவிடும். பிறகு எதனால் எது மாறியது என்று மாணவரிடம் சொல்ல முடியாது.

நேரத்தை அளக்கக் கைபேசியின் காணொளியைப் பயன்படுத்தினேன். கையில் பிடிக்கும் நிறுத்து கடிகாரம் இதற்கு உதவாது: 50 கிராம் இழுப்பில் வண்டி ஒரு மீட்டரை ஒன்றரை நொடிக்குள் கடந்துவிடுகிறது, கை அசையும் தாமதமே அதில் பெரும்பங்காகிவிடும். தடத்தின் விளிம்பில் காகித அளவு நாடாவை ஒட்டி, வண்டியின் பக்கவாட்டில் ஊசிமுனை போன்ற ஒரு குறிகாட்டியை வைத்து, கைபேசியை இரண்டரை மீட்டர் தள்ளி நிறுத்தி, நொடிக்கு 60 சட்டங்கள் (பிரேம்கள்) வீதம் எடுத்தேன். பன்னிரண்டு சட்டங்களுக்கு ஒருமுறை, அதாவது 0.2 நொடிக்கு ஒருமுறை, குறிகாட்டியின் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். கைபேசிகளில் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் குறைந்தால் அவை அறிவிக்காமலே சட்டங்களின் வீதத்தைக் குறைத்துக்கொள்ளும். மாலையில் குழல்விளக்கில் எடுத்த காணொளிகள் முன்னுக்குப்பின் முரணாக இருந்ததன் காரணம் அதுதான். அதன்பின், நூற்றில் ஒரு பங்கு நொடியைக் காட்டும் இன்னொரு கைபேசியைக் காட்சிக்குள்ளேயே வைத்துப் பகலில் மட்டும் எடுத்தேன்.

வண்டியைக் கையால் விடுவித்தால் விரல் ஒரு சிறு உந்தலைக் கொடுத்துவிடுகிறது, அல்லது இழுத்துப் பிடிக்கிறது. வண்டியின் வாலில் பருத்தி நூல் கட்டி, அதை மேசையின் பின்முனை ஆணியில் மாட்டி, தீக்குச்சியால் எரித்து அறுப்பதே சுத்தமான வழி.

ரசமட்டம் வைத்துத் தடத்தைச் சமமாக்கி, கடையில் வாங்கியபடியே இருந்த பேரிங்குகளுடன் எடுத்த முதல் வரிசை அளவுகள் இவை. 10 கிராமுக்கு 0.10, 20 கிராமுக்கு 0.28, 30 கிராமுக்கு 0.47, 40 கிராமுக்கு 0.66, 50 கிராமுக்கு 0.85 மீ/வி². விசையை இரட்டித்தால் முடுக்கம் இரட்டிக்க வேண்டும் என்று பாடம் சொல்கிறது. இங்கே 10 இலிருந்து 20 கிராமுக்குப் போகும்போது அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. பட்டியலை மட்டும் பார்க்கும் மாணவர் விதி பொய்த்துவிட்டது என்றே முடிவு செய்வார். வரைபடமாக்கினால் உண்மை தெரிகிறது. ஒவ்வொரு 10 கிராமுக்கும் முடுக்கம் ஏறக்குறைய 0.19 என்ற சம அளவில் கூடுகிறது. கோடு நேராகவே இருக்கிறது. ஆனால் அது விசை அச்சை 0.05 நியூட்டன் அருகே வெட்டுகிறது. அதாவது, தொங்கும் எடை கொடுக்கும் விசையில் முதல் 0.05 நியூட்டன் எதையும் முடுக்கவில்லை. எதிர்த்திசையில் இழுக்கும் இன்னொரு விசையை ஈடுகட்டவே அது செலவாகிறது.

இதை வேறொரு வழியில் சரிபார்க்க விரும்பினேன், அதற்கு அமைப்பிலேயே இடம் இருந்தது. எடை 60 செ.மீ. இறங்கியதும் தரையில் வைத்த பஞ்சுத் திண்டில் படிந்துவிடும்படி நரம்பின் நீளத்தை வைத்தேன். அந்த நொடியில் நரம்பு தளர்ந்துவிடுகிறது. வண்டியை முன்னே இழுக்க எதுவும் இல்லை. ஆனாலும் அது தடத்தின் மீதிப் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. 20 கிராம் எடை படிந்த பிறகு, அடுத்தடுத்த 0.2 நொடிகளில் வண்டி கடந்த தொலைவுகள் 11.5, 11.1, 10.7, 10.3 செ.மீ. என்று ஒவ்வொரு முறையும் 0.4 செ.மீ. குறைந்தன. இது 0.1 மீ/வி² எதிர்முடுக்கம். எடை தவிர்த்த வண்டியின் நிறை 480 கிராம்; பெருக்கினால் 0.048 நியூட்டன். வரைபடத்தின் வெட்டுப்புள்ளி காட்டியதும் இதுவே. ஒன்று வண்டி இழுபடும்போது எடுத்தது, மற்றது அது தானாக ஓடும்போது எடுத்தது. இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, பின்னர் கோடு ஆதிப்புள்ளியைத் தொட்டபோதுகூட உண்டாகவில்லை. உராய்வைப் பிழை என்று ஒதுக்குவது தவறு. அதுவும் மற்ற விசைகளைப் போலவே அளவும் திசையும் உள்ள ஒரு விசை, இதே கருவியால் அளந்துவிடக்கூடியது.

அளந்த பிறகு குறைக்க முயன்றேன். பேரிங் கடைக்காரர் பார்த்துவிட்டு, "சார், உள்ள கிரீஸ் இருக்குற வரைக்கும் இது சுலபமா சுத்தாதுங்க. ரப்பர் மூடிய எடுத்துட்டு மண்ணெண்ணெய்ல அலசிப் பாருங்க" என்றார். வேகமாகச் சுழலும் இயந்திரங்களில் பேரிங் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காக நிரப்பும் கிரீஸ், அரைக் கிலோ வண்டிக்குப் பெருஞ்சுமை. சவர அலகின் முனையால் மூடிகளை நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல்துலக்கியால் தேய்த்து, காயவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டேன். உராய்வு 0.05 நியூட்டனிலிருந்து 0.02 நியூட்டனுக்குக் கீழே இறங்கியது.

மீதியைத் தடத்தைச் சாய்த்து ஈடுகட்டினேன். வண்டியின் எடையில் 0.004 பங்கு உராய்வு என்றால், 1.5 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு தாங்கிகளில் பின்தாங்கியை 6 மி.மீ. உயர்த்தினால், சரிவு வழியே இறங்கும் எடையின் பங்கு உராய்வுக்குச் சமமாகிவிடும். கணக்கு கொடுத்த 6 மி.மீ.க்கு அஞ்சல் அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, தொங்கு எடை இல்லாமல் வண்டியை விரலால் ஒரு தட்டு தட்டிக் காணொளி எடுத்தேன். 0.2 நொடித் தொலைவுகள் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. முதல் முயற்சியில் தடத்தின் முன்பாதியில் கூடி, பின்பாதியில் குறைந்தன. சேனல் நடுவில் தொய்ந்திருந்ததே காரணம். முக்கால் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் தொய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது உண்டாக்கும் சரிவு, நான் ஈடுகட்ட முயன்ற சரிவில் மூன்றில் ஒரு பங்கு. நடுவில் மூன்றாவது தாங்கியை வைத்து, நீட்டிக் கட்டிய நரம்பைக் கொண்டு தடம் நேராக இருப்பதை உறுதிசெய்த பிறகு தொலைவுகள் சமமாயின.

இந்த நிலையில் 20 கிராம் எடையைத் தொங்கவிட்டு எடுத்த காணொளியில், ஓய்விலிருந்து தொடங்கி அடுத்தடுத்த 0.2 நொடிகளில் வண்டி கடந்தவை 0.8, 2.2, 3.8, 5.3, 6.7 செ.மீ. இவற்றை 0.75 ஆல் வகுத்தால் 1, 3, 5, 7, 9 என்ற ஒற்றைப்படை வரிசை வருகிறது. சாய்தளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து வழியும் நீரை எடைபோட்டு நேரத்தை அளந்த கலிலியோ, 1638 இல் வெளியிட்ட முறைமை இதுவே. எடை திண்டில் படிந்த பிறகோ 13.4, 13.4, 13.5, 13.4 என்று தொலைவுகள் மாறாமல் நின்றன. காணொளியை ஓட்டுவதற்கு முன் மாணவர்களிடம், எடை தரையைத் தொட்டதும் வண்டி என்ன செய்யும் என்று கேட்டேன். இழுப்பு நின்றால் வண்டியும் மெல்ல நின்றுவிடும் என்பதே பெரும்பாலோர் விடை. விசை இருந்தால்தான் இயக்கம் இருக்கும் என்ற எண்ணம் அனைவருக்கும் இயல்பாகவே வருவது. சைக்கிள் மிதிப்பதிலிருந்து மாட்டுவண்டி வரை உராய்வுள்ள உலகம் அதையே கற்றுத் தருகிறது. விசை இருந்தவரை தொலைவுகள் வளர்ந்தன, விசை போனதும் வளர்வது மட்டும் நின்றது என்பதை எண்களாகப் பார்த்த பிறகு, விசை மாற்றுவது வேகத்தைத்தான் என்பதை விளக்க எனக்கு அதிகச் சொற்கள் தேவைப்படவில்லை.

இறுதி வரிசை இது. 10 கிராமுக்கு 0.188, 20 க்கு 0.376, 30 க்கு 0.564, 40 க்கு 0.752, 50 க்கு 0.94 மீ/வி². எல்லாம் பல ஓட்டங்களின் சராசரி. கோடு ஆதிப்புள்ளி வழியே செல்கிறது. ஆனால் விசையை முடுக்கத்தால் வகுத்தால் நிறை 0.52 கிலோகிராம் வருகிறது. தராசு காட்டுவதோ 500 கிராம். கோவையில் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.78 என்றே எடுத்திருந்தேன், எனவே குறை அங்கே இல்லை. உராய்வு மிச்சமிருந்தால் கோடு பக்கவாட்டில் நகர்ந்திருக்கும், சாய்வு மாறியிருக்காது. கிரீஸ் இருந்த முதல் வரிசையின் கோட்டுக்கும் இதே சாய்வுதான் என்பது பிறகுதான் கண்ணில் பட்டது. அந்த 20 கிராம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை சக்கரங்களில் இருந்தது. பேரிங்கின் வெளிவளையங்கள் வண்டியோடு முன்னே செல்வதோடு சுழலவும் வேண்டும். அந்தச் சுழற்சியை உண்டாக்கவும் விசை செலவாகிறது. வெளிவளையத்தின் எடை, ஆரம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு பேரிங்குக்கு 5 கிராம் அளவுக்குக் கூடுதல் நிலைமம் வருகிறது. மூன்று சக்கரம், ஒரு கப்பி. மொத்தம் 20 கிராம்.

விசையை 20 கிராமில் நிறுத்தி நிறையை மாற்றிய சோதனையும் இதை ஆதரித்தது. மொத்த நிறை 500, 750, 1000, 1500 கிராம் ஆனபோது முடுக்கம் 0.376, 0.254, 0.192, 0.129. விசையை இவற்றால் வகுத்தால் 520, 770, 1020, 1520 கிராமை ஒட்டியே வருகிறது. கடைசி ஓட்டத்தில் மட்டும் 20 கிராம் வித்தியாசம் அளவீட்டின் ஐயத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதால் அதை நான் சான்றாகக் கொள்வதில்லை. சுமையை ஏற்றும்போது தடத்தின் சரிவை மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பது இந்த முறையின் பெரிய வசதி. சுமை கூடினால் உராய்வும் கூடும். சரிவு வழியே இறங்கும் எடையின் பங்கும் அதே விகிதத்தில் கூடும்.

செலவு விவரம்: அலுமினிய சேனல் 420 ரூபாய், பேரிங் நான்கு 140, மரையிட்ட கம்பி, நட்டு, வாஷர் 90, மரக்கட்டையும் துளைக்கூலியும் 40, 0.1 கிராம் துல்லியமுள்ள சிறு மின்னணுத் தராசு 450, நரம்பு 30, எண்ணெய் வகைகள் 60. மொத்தம் 1,230 ரூபாய். தராசு ஏற்கெனவே இருந்தால் எண்ணூறுக்குள் முடிந்துவிடும். மூடியில்லாத பேரிங்குகளில் தூசி சேர்வதால் சரிவை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். சில வாரங்கள் அலமாரியில் கிடந்த வண்டிக்கு 6 மி.மீ. போதவில்லை, 8 மி.மீ. தேவைப்பட்டது. வண்டியைக் காற்றுப்புகா டப்பாவில் வைப்பது நல்லது.

மறுமுறை கட்டினால் அஞ்சல் அட்டைகளுக்குப் பதில் தாங்கிகளில் 6 மி.மீ. போல்ட்டுகளை வைப்பேன். அவற்றின் மரை இடைவெளி 1 மி.மீ. என்பதால் ஒரு முழுச்சுற்று தடத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தும். கால்சுற்று வரை எண்ணிச் சரிவை அமைக்கலாம். தடத்துக்கும் கனமான சேனலையே எடுப்பேன், தொய்வோடு போராடிய நேரம் மிச்சமாகும்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற மூன்றாம் இயக்க விதிக்காக இரண்டாவது வண்டி ஒன்றைத் தயாரித்து வருகிறேன். இரண்டு வண்டிகளுக்கும் இடையே துணிமாட்டும் கிளிப்பின் சுருளை அழுத்தி, நூலால் கட்டி, நூலை எரித்தால் அவை எதிரெதிர்த் திசைகளில் விலகும். நிறைகள் சமமானால் வேகங்களும் சமமாக வேண்டும். இதற்குத் தடத்தைச் சாய்க்க முடியாது, ஏனெனில் ஒரு வண்டிக்கு உதவும் சரிவு மற்றதற்குத் தடையாகும். ஆகவே, தடத்தைச் சமமாக வைத்து, விலகிய உடனே வரும் முதல் சில சட்டங்களை மட்டும் அளக்க இருக்கிறேன். முதல் வண்டியின் வெற்று எடை 236 கிராம். புதியது 240 கிராம் காட்டுகிறது. அடிக்கட்டையில் துளையிட்டு அந்த 4 கிராமை எடுத்த பிறகு அளவீட்டைத் தொடங்குவேன்.